உடம்புப் படம்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு தாள் இருக்கிறது. ஒரு பக்கத்தில் மனித உடம்பின் முன்புறம், மறுபக்கத்தில் பின்புறம். முகம் இல்லை, வெறும் கோடு. காலையில் வயதானவர்களைக் குளிப்பாட்டும்போது உடம்பில் எங்கே கன்றி நீலமான கண்டல் கண்டோமோ, படத்தில் அந்த இடத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போட வேண்டும். கீழே தேதி. அதற்குப் பக்கத்தில் கண்டவரின் கையெழுத்து. நாங்கள் அதை உடம்புப் படம் என்போம்.

வயது போனவர்களின் தோல் நனைந்த கடதாசி மாதிரி. இரத்தம் இளக வைக்கும் குளிசை வேறு குடிக்கிறார்கள். கட்டிலின் விளிம்பு பட்டாலே நீலமாகிவிடும். "கண்டவுடனை படத்திலை போடு. போடாட்டி நாளைக்கு அது நீ செய்ததெண்டு வரும்" என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே றோஸ்மேரி எனக்குச் சொல்லித் தந்தாள். அவள் என்னோடு வேலை செய்கிற ஹெய்ட்டிக்காரி. பிரெஞ்சில்தான் சொன்னாள். எனக்குப் பிரெஞ்சு வாயால் சமாளிக்க வரும், எழுத வராது. புள்ளடி போட அது தேவையில்லை. எட்டு வருடமாகப் போட்டு வருகிறேன்.

இல்லம் நகரத்துக்கு வெளியே இல்-பிசார் என்ற தீவில் இருக்கிறது. பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்து மெற்றோ, பிறகு பஸ், பிறகு இன்னொரு பஸ். அந்தக் கடைசி பஸ்ஸை விட்டால் பாலத்துக்கு மேலால் நடக்க வேண்டியதுதான். பனிக்காலத்தில் இரண்டு தரம் நடந்திருக்கிறேன்.

2007ஆம் ஆண்டு மாசி மாதம் இல்லத்தைப் புது முதலாளிகள் வாங்கினார்கள். வந்த கையோடு எல்லோருக்கும் ஒரு கடதாசி கொடுத்தார்கள். பொலிஸ் எங்களைப் பற்றித் தேடிப் பார்க்கச் சம்மதம் என்று கையெழுத்து வைக்க வேண்டும். காப்புறுதிக்காரன் கேட்கிறானாம்.

"முப்பது வருசமாக் கிழடுகளின்ரை குண்டி கழுவிறன்" என்றாள் றோஸ்மேரி, சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் கேட்க. "இப்பதான் என்ரை கை சுத்தமோ எண்டு பாக்க நினைச்சிருக்கினம்."

நானும் சிரித்துக்கொண்டுதான் கையெழுத்து வைத்தேன். பயம் வரவில்லை. பதினான்கு வருடத்துக்கு முந்திய ஒன்று இருந்தது உண்மை. ஆனால் அதற்குத் தண்டம் கட்டியாயிற்று, முடிந்த கதை என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்று கிழமை கழித்து நிர்வாகி மதாம் திபோ என்னை அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். அவள் கெட்டவள் இல்லை. போன வருடம் எனக்கு இடுப்பில் நாரிப் பிடிப்பு வந்தபோது தன்னுடைய காரில் கொண்டுபோய் வீட்டில் விட்டவள். மேசையில் ஒரு தாள் கிடந்தது. அதில் இரண்டு பெட்டி. இரண்டாவது பெட்டியில் அடையாளம் போட்டிருந்தது.

"1993. உடம்பில் காயம் விளைவித்த தாக்குதல். அடிபட்டவர் உங்கள் சகோதரி. குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்" என்று வாசித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள். "உங்கள் தங்கச்சியை அடித்தீர்களா, யோகராணி?"

நான் இரண்டாவது பெட்டியில் இருந்த அடையாளத்தைப் பார்த்தேன்.

"களவு என்றால் நான் கதைத்துப் பார்க்கலாம். குடித்துவிட்டுக் கார் ஓடியது என்றாலும் பரவாயில்லை. இது ஆளுக்கு அடித்தது. நீங்கள் செய்கிற வேலையோ ஆளைத் தொடுகிற வேலை." அவள் தாளைத் திருப்பி வைத்தாள். "முதலாளிகள் இன்றைக்கே அனுப்பச் சொல்கிறார்கள். நான் தவணை கேட்டிருக்கிறேன். மூன்று பேர் கொண்ட குழு ஒன்று பார்க்கும். ஒரு கடிதம் எழுதித் தாருங்கள். என்ன நடந்தது, எப்படி நடந்தது, இப்போது அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், எல்லாம் இருக்க வேண்டும்."

"நான் செய்யேல்லை எண்டு எழுதினால்?"

அவள் கண்ணாடியைத் திரும்பப் போட்டாள். "அப்படி எழுதுகிறவர்களை அவர்கள் வைத்திருப்பதில்லை. ஒப்புக்கொண்டு பிறகு இல்லை என்கிறவரை எப்படி நம்புவது? செய்ததைச் செய்தேன் என்று சொல்லி வருந்துகிறவருக்குத்தான் இன்னொரு சந்தர்ப்பம் கொடுப்பார்கள்."

அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் தவணை. அதுவரை நான் ஒருவரையும் தொடக் கூடாது. கீழே துணி தோய்க்கிற அறையில் நின்றேன். கிறேஸ் என்ற தொண்ணூற்றொரு வயதுக் கிழவியை எட்டு வருடமாக நான்தான் குளிப்பாட்டுகிறேன். அவள் வேறு ஆளிடம் குளிக்கமாட்டேன் என்று கத்துகிற சத்தம் குழாய் வழியாகக் கீழே வந்தது.

1993இல் நடந்தது இதுதான். கோட்-டெ-நேஜில் இரண்டு அறை வீடு. நான், தங்கச்சி ஜெகதீஸ்வரி, அவளின் புருஷன் இரவிச்சந்திரன், எட்டு மாதப் பிள்ளை வித்தியா. நான் அப்போது ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற வேலை. ஒரு பின்னேரம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதல் கதவு தட்டப்பட்டது. இரண்டு பொலிஸ். கீழ் வீட்டுக்காரன் சத்தம் கேட்டு அறிவித்திருக்கிறான். உள்ளே பார்த்தால் ஜெகா சுவரோடு நிற்கிறாள், வாய்ச் சொண்டில் இரத்தம். இரவி அறைக் கதவுக்குப் பின்னால். அவனுடைய அகதி விசாரணைக்கு மூன்று கிழமைதான் இருந்தது; பொலிஸ் வழக்கு வந்தால் அது கெட்டுவிடும். எனக்கு அகதி அந்தஸ்து அதற்கு மூன்று வருடம் முன்னரே கிடைத்துவிட்டது.

ஊரில் வீட்டு வாசலுக்கு ஆமி வந்தால் ஆம்பிளைகளை உள்ளே தள்ளிவிட்டுப் பெண்கள்தான் முன்னுக்குப் போய் நிற்போம். ஆம்பிளையைக் கொண்டுபோனால் திரும்பி வரமாட்டான், பெண் என்றால் எப்படியும் கதைத்துக் கெஞ்சித் திரும்பி வரலாம் என்ற எண்ணம். என் தம்பியை அப்படி இரண்டு தரம் காப்பாற்றியிருக்கிறேன். அந்தப் பழக்கம் என் காலில் இருந்தது. பொலிஸ்காரன் "யார்?" என்று கேட்டபோது நான் நெஞ்சில் கை வைத்து "நான்" என்றேன். ஜெகாவிடம் கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

நீதிமன்றத்தில் ஒரு இளம் வழக்கறிஞர், ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னார். முடிந்தது. தந்த தாளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் ஊரில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழே இங்கே வந்த பிறகுதான், கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு நடந்த வகுப்பில் கடைசிப் பலகை வாங்கில் இருந்து எழுத்துக்கூட்டப் பழகினேன்.

துணி தோய்த்த இரண்டாம் நாள் பின்னேரம் ஜோன்-தலோன் தெருவில் சேலைக் கடைக்கு மேலே கந்தோர் வைத்திருக்கும் ஸ்ரீதரனிடம் போனேன். எங்கள் ஆட்களின் படிவங்களை நிரப்பிக் கொடுப்பவர்.

"பழைய குற்றத்தை மூடிவிட அரசாங்கத்துக்கு விண்ணப்பிக்கலாம், அக்கா. கைரேகை, நீதிமன்றத் தாள், எல்லாம் சேர ஒண்டரை வருசம் செல்லும்."

"எனக்குத் திங்கட்கிழமை வரைக்கும்தான், தம்பி."

"அப்ப அது சரிவராது."

"நான் செய்யேல்லை எண்டு இப்ப சொன்னால்?"

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "செய்யேல்லையோ?"

"செய்யேல்லை."

"பின்னை ஆர் செய்தது?"

நான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

"சொல்லலாம் அக்கா. ஆனா அப்ப நீங்கள் பொலிசுக்கும் நீதவானுக்கும் பொய் சொன்னதெண்டு வரும். அது இன்னொரு கேஸ். உங்கடை தங்கச்சியும் பொய் சொன்னவ. அவவுக்கும் ஒரு கேஸ். மற்றாளுக்கு என்ன வருமெண்டு நான் சொல்லத் தேவையில்லை." என்னிடம் அவர் ஒன்றும் வாங்கவில்லை. படியிறங்கும்போது "வழுக்கும், பிடிச்சுக்கொண்டு போங்கோ" என்றார்.

நான் இப்போதும் அவர்களோடுதான் இருக்கிறேன். நடு அறை எனக்கு. அன்று இரவுச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னேன். வித்தியா சாப்பிட்டு எழும்பிப் போகும் வரை பொறுத்திருந்து சொன்னேன்.

"உங்கடை வேலையிலையும் தொடங்கீற்றாங்களோ?" என்றான் இரவி. அவன் துறைமுகத்தில் சரக்குக் கொட்டிலில் வேலை. "எங்களுக்கும் இந்த வருசம் புது பாஸ் எடுக்கோணும், மச்சாள். பொலிசிலை தேடிப் பாத்துத்தான் தருவாங்களாம். பாஸ் இல்லாட்டி கேற்றுக்குள்ளை விடமாட்டாங்கள்." மீன் முள்ளை எடுத்துச் சாப்பாட்டுக் கோப்பை ஓரத்தில் வைத்தான். "எனக்கு ஒண்டுமில்லை. நான் சுத்தம்."

ஜெகா தண்ணீர்ப் போத்தலை எடுக்கப் போனாள். அங்கேயே நின்றாள்.

"கடிதம் கேட்டால் எழுதிக் குடுங்கோ. வெள்ளையள் மன்னிப்புக் கேட்டால் விட்டிடுவாங்கள்" என்றான்.

"என்னத்துக்கு மன்னிப்புக் கேக்கிறது, இரவி?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை. உண்மையிலேயே விளங்காதவன் மாதிரித்தான் கேட்டான்: "அண்டைக்கு உங்களைச் சொல்லச் சொன்னது நானோ, மச்சாள்? நீங்களாத்தானே சொன்னது."

அது சரிதான். நானாகத்தான் சொன்னேன்.

கடிதம் பிரெஞ்சில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வருகிற கடதாசி எல்லாம் வித்தியாதான் வாசிப்பாள். லைட் பில், வரிக் கடிதம், வைத்தியசாலைத் திகதி. ஏழு வயதிலேயே தொடங்கிவிட்டாள். இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுக்க முடியாது. வெளி ஆளிடம் கொண்டுபோனால் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முதல் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும். மிஞ்சியது ஜெகா. அவள் பின்னேர வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தவள். ஒரு கார்டெரியில், குழந்தைக் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சமைக்கிறாள். கிழமைக்குரிய சாப்பாட்டுப் பட்டியலை அவள்தான் எழுதிச் சுவரில் ஒட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை இரவிக்கு ஓவர்டைம், நாலு மணி வரை. வித்தியா சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். ஜெகா குசினி மேசையைத் துடைத்துவிட்டு அகராதியோடு இருந்தாள். நான் எதிரில்.

"எங்கையிருந்து தொடங்கிறது, அக்கா?"

"எப்பிடி நடந்ததெண்டு எழுதட்டாம்."

"சரி."

"ஒரு அறை எண்டு போடு" என்றேன். "நான் வரேக்கை உன்ரை கன்னம் சிவந்து கிடந்தது."

அவள் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். எழுதவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கன்னம் இல்லை. காது."

"ஆ?"

"காதைப் பொத்தித்தான் அடிச்சது. கனநாள் இரைஞ்சுகொண்டு கிடந்தது. இந்தப் பக்கம் இப்பவும் போன் வைச்சால் கேளாது."

பதினான்கு வருடமாக அவள் வலது காதில்தான் போன் வைப்பாள். நான் அதைப் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

"அப்ப காதெண்டு போடு."

"காது பிறகு. முதல் கதவோடை தள்ளினது." அவள் எழுதத் தொடங்கினாள். எழுதி முடித்து எனக்குத் தமிழில் சொன்னாள். "'நான் அவளைக் கதவோடை தள்ளினன். தலைமயிரைச் சுத்திப் பிடிச்சன்' எண்டு போட்டிருக்கிறன்."

"ஓம்."

"'பிள்ளை அழுதுகொண்டு கிடந்தது. பிள்ளையை இறக்கிவிடு எண்டு சொன்னன். அவள் இறக்கேல்லை. அதாலை முதுகிலை குத்தினன்.'"

"பிள்ளை கையிலையோ இருந்தது?"

"பிள்ளையை இறக்கினால் இன்னும் அடி விழுமெண்டு நினைச்சன்" என்றாள். பிறகு சொல்லைத் திருத்தினாள். "விழுமெண்டு அவள் நினைச்சாள். அதை எழுதத் தேவையில்லை என்ன? அது உங்களுக்குத் தெரியாதுதானே."

அவள் குரல் சமையல் பட்டியல் சொல்கிற மாதிரித்தான் இருந்தது. நான் மேசை விளிம்பைப் பிடித்திருந்தேன். அன்று ஒரு அறை விழுந்தது, புருஷன் பெண்சாதிச் சண்டை என்றுதான் நான் நெஞ்சில் கை வைத்தேன்.

விலா எலும்புக்கு வந்தபோது அவளுக்குப் பிரெஞ்சுச் சொல் வரவில்லை. எங்கள் அகராதி மெல்லியது, அதிலும் இல்லை. அவள் பக்கங்களைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். நான் எழும்பிப் போய் என் வேலைப் பையில் இருந்த உடம்புப் படக் கட்டைக் கொண்டுவந்து ஒரு தாளைக் கிழித்து அவள் முன்னால் வைத்தேன்.

"இதிலை போடு. சொல்லைப் பேந்து தேடுவம்."

அவள் அந்த முகமில்லாத உடம்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இடது விலாவில் ஒரு புள்ளடி போட்டாள். பிறகு காதில். சொண்டில். மேல் கையில் இரண்டு. தொடையில் ஒன்று போட்டாள். தாளைத் திருப்பிப் பின்புறத்தில், பிடரிக்குக் கீழே, நாரியில். வேலைத்தலத்தில் நான் செய்கிற மாதிரியே மேலே இருந்து கீழே ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வந்தாள். முடிந்தது என்று நினைத்தேன். பேனா திரும்ப மேலே போய் இடது தோளின் பின்பக்கம் நின்றது. அங்கேயும் ஒன்று போட்டாள்.

"இது அண்டையான் இல்லை" என்றாள்.

"எப்பத்தையான்?"

"பொங்கலுக்கு முதல் கிழமை."

பொங்கல் அன்று அவளால் பானையைத் தூக்க முடியவில்லை. ஐசில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். நான்தான் தைலம் பூசிவிட்டேன். சட்டையைக் கழற்றாமல், கழுத்துக்குள்ளால் கையை விட்டுப் பூசச் சொன்னாள்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை? நான் போன் பண்ணியிருப்பனே."

"ஆருக்கு?"

"பொலிசுக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். ஏளனம் இல்லை, களைப்புத்தான். "வந்தால் ஆரைக் கொண்டுபோவாங்கள் எண்டு நினைக்கிறீங்கள், அக்கா? அவங்களின்ரை புத்தகத்திலை இந்த வீட்டிலை எனக்கு அடிக்கிறது நீங்கள். நானும் ஓமெண்டு தலையாட்டினனான்."

நேரம் இரண்டரை ஆகியிருந்தது. குளிர்சாதனப் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. அவள் எழுதிய பக்கத்தை எடுத்து ஒரு தரம் வாசித்துவிட்டு நாலாகக் கிழித்தாள்.

"ஏன் கிழிக்கிறாய்?"

"இதை வாசிச்சால் உங்களை வேலைக்கு வைச்சிருப்பினமோ? இப்பிடிச் செய்த ஆளைக் கிழவியளோடை விடுவினமோ?" புதுத் தாள் எடுத்தாள். "ஒரு அறை எண்டே போடுவம். நீங்கள் இரவு பகலா வேலை செய்தனீங்கள். பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. கோபம் வந்திட்டுது. பேந்து ஒருநாளும் கை நீட்டேல்லை."

"அது உண்மைதானே. நான் ஒருநாளும் நீட்டேல்லை."

"ஓம். அது உண்மை."

ஒரு பக்கம் வந்தது. நல்ல எழுத்து, சரிவு இல்லாமல். கடைசி வரிக்கு வந்தபோது நிறுத்தினாள். "'என்ரை தங்கச்சி என்னை மன்னிச்சிட்டாள்' எண்டு போடவே?"

"உன்ரை விருப்பம்."

போட்டாள். தாளை என் பக்கம் தள்ளினாள். நான் என் பெயரை எழுதினேன். பேனா கையில் இருக்கவே, பக்கத்தில் கிடந்த உடம்புப் படத்தையும் இழுத்தேன். தேதி போட்டேன். கண்டவர் என்ற இடத்தில் வேலையில் வைக்கிற மாதிரி கையெழுத்து வைத்தேன்.

"அதை என்னத்துக்கு? கிழிச்சுப் போடுங்கோ" என்றாள் ஜெகா.

"ஓம்" என்றேன். கிழிக்கவில்லை. பையின் உள் அறையில் வைத்து ஸிப்பை இழுத்து மூடினேன்.

புதன்கிழமை மதாம் திபோ என்னைக் கூப்பிட்டாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. "நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். குழுவுக்குப் பிடித்திருந்தது. உங்களுக்குக் குற்ற உணர்ச்சி இருக்கிறது என்று ஒருவர் சொன்னார்." வேலை உண்டு. ஒரு வருடத்துக்கு ஒருவரோடும் தனியாக அறையில் நிற்கக் கூடாது. குளிப்பாட்டும்போது கட்டாயம் இரண்டாவது ஆள். வேறு ஊருக்கு, வேறு இல்லத்துக்குப் போக நினைத்தால் அங்கேயும் இதே தாள்தான் முதலில் போகும் என்பதையும் சொன்னாள். நல்லதுக்குத்தான் சொன்னாள்.

இரண்டாவது ஆளாக றோஸ்மேரியைப் போட்டார்கள். "இனி நான் உன்ரை காவல்காரி" என்று துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றாள். கிறேஸ் என் கையைப் பிடித்து, இவ்வளவு நாளும் எங்கே போனாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சட்டையைக் கழற்றினேன். முழங்கைக்கு மேலே ஒரு கண்டல், மஞ்சளாகி ஆறத் தொடங்கியது. நான் துணி தோய்த்துக்கொண்டிருந்த நாட்களில் வந்தது. முந்திய தாளைப் பார்த்தேன். ஒருவரும் போட்டிருக்கவில்லை.

றோஸ்மேரி கிட்ட வந்து பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "போடு" என்றாள். "நானும் பக்கத்திலை கையெழுத்து வைக்கிறன். இது பழசெண்டு எழுதிவிடுறன்."

புள்ளடி போட்டேன். அவள் கையெழுத்து வைத்தாள். அவளுடைய கையெழுத்து இல்லாமல் என்னுடையது இனிச் செல்லாது.

அன்று கடைசி பஸ் பிந்தியது. வீட்டுக்குப் போகும்போது இரவியின் வேலைச் சப்பாத்து வாசலில் இருந்தது. அவன் மேசையில் ஒரு கடித உறையைப் பிரித்து வைத்திருந்தான். வித்தியா வாசித்துச் சொல்லிவிட்டாள் போல.

"பாஸ் கிடைச்சிட்டுது, மச்சாள்" என்றான். "உங்களுக்கும் சரிவந்ததெண்டு ஜெகா சொன்னாள். நான் சொன்னனானெல்லே, வெள்ளையள் விட்டிடுவாங்கள் எண்டு. இருங்கோ, சாப்பிடுவம்."

பையைக் கதிரையில் வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அடுப்படியில் ஜெகா சோற்றுப் பானையைத் தூக்கப் போனவள் இடது கையை இறக்கிவிட்டு வலது கையால் பிடித்தாள். நான் பையோடு எழும்பிப் போய் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன்.